கால் டிரேஸில் கேள்விக்குறி ஏன்?

லினக்ஸ் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென உறைந்துபோய், கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ கொட்டிவிட்டு நின்றுவிடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். விண்டோஸில் இதற்கு நீலத் திரை என்று பெயர். (2025ல் செய்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 11ல் அதுவும் கறுப்பாகிவிட்டது.) புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கண்டதும் பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வரிகளுக்கு நடுவே "கால் டிரேஸ்" என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழ் பத்து இருபது வரிகள் இருக்கும். அவற்றில் சில வரிகளின் முன்னால் மட்டும் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

கெர்னலில் வரும் பிழைகளைத் தேடுவது என் அன்றாட வேலை. ஆகவே இந்தக் கேள்விக்குறியை நான் தினமும் பார்க்கிறேன். அதன் பொருள் தெரியாததால் பலர் தவறான பொருளின் மீது பழி போடுவதையும் பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தன் சர்வர் விழுந்தபோது வந்த டிரேஸில் பைல் சிஸ்டத்தின் பெயர் இருப்பதைக் கண்டு, ஹார்ட் டிஸ்க்கையே மாற்றிவிட்டார். மறுநாளும் சர்வர் விழுந்தது. பைல் சிஸ்டத்தின் பெயர் இருந்த அந்த இரண்டு வரிகளுக்கும் முன்னால் கேள்விக்குறி இருந்தது. குறி இல்லாத வரிகள் எல்லாம் நெட்வொர்க் கார்டின் டிரைவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

இந்த வரிகள் எப்படி உருவாகின்றன, அவற்றில் எதை நம்பலாம் என்று இங்கே பார்ப்போம்.

துண்டுச்சீட்டுக் கணக்கு

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு. மெமரி, டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் அதன் கட்டுப்பாட்டில்தான் இயங்குகின்றன. வேர்டு போன்ற ஒரு புரோகிராம் விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் விழுந்தால் கம்ப்யூட்டரே விழுந்த மாதிரி.

எந்தப் புரோகிராமும் பங்ஷன் எனப்படும் சிறு பகுதிகளால் ஆனது. ஒரு பங்ஷன் தன் வேலையின் நடுவே இன்னொரு பங்ஷனைக் கூப்பிடும். அது மூன்றாவது ஒன்றைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் அவரவர் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

நீங்கள் ஒரு புத்தகம் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல் ஒன்று வருகிறது. "பக்கம் 112, வரி 8" என்று ஒரு சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு அகராதியைப் புரட்டுகிறீர்கள். அகராதி இன்னொரு சொல்லைப் பார்க்கச் சொல்கிறது. அகராதியில் விட்ட இடத்தை எழுதி, முதல் சீட்டின் மேல் இரண்டாவது சீட்டை வைத்துவிட்டு அங்கே போகிறீர்கள். திரும்பும்போது மேலே உள்ள சீட்டை முதலில் எடுப்பீர்கள். கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. அந்தச் சீட்டுக்கு ரிட்டர்ன் அட்ரஸ் என்று பெயர். சீட்டுகளின் அடுக்குக்கு ஸ்டாக் என்று பெயர். நடுவில் கம்ப்யூட்டர் விழுந்துவிட்டால், அடுக்கில் உள்ள சீட்டுகளை மேலிருந்து கீழாகப் படித்து யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம். இதுதான் ஸ்டாக் டிரேஸ்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மேஜையில் சீட்டுகள் மட்டும் இருப்பதில்லை.

64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் 16 கேபி ஸ்டாக் தருகிறது. (2014ல் வந்த 3.15 பதிப்புக்கு முன் 8 கேபிதான்.) ஒரு கட்டம் 8 பைட் என்றால் 2,048 கட்டங்கள். இவற்றில் ரிட்டர்ன் அட்ரஸும் இருக்கும், பங்ஷன்கள் தம் கணக்குகளுக்கு வைத்துக்கொண்ட எண்களும் இருக்கும், தற்காலிகமாக ஒதுக்கி வைத்த ரெஜிஸ்டர் மதிப்புகளும் இருக்கும். எல்லாம் வெறும் எண்கள்தான். "நான் ரிட்டர்ன் அட்ரஸ்" என்று எந்தக் கட்டமும் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்த பங்ஷன் தன் இடத்தைத் துடைத்துவிட்டுப் போவதில்லை. அடுக்கின் உச்சி இதுவரைதான் என்று காட்டும் குறி மட்டும் நகரும். பழைய சீட்டுகள் அப்படியே கிடக்கும். அடுத்து வரும் பங்ஷன் அந்த இடத்தைத் தனக்கென எடுத்துக்கொண்டு, அதில் பாதியைப் பயன்படுத்தாமலேயே விட்டால், எப்போதோ முடிந்துபோன வேலையின் சீட்டு இப்போதைய அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

குத்துமதிப்பு முறை

பழைய லினக்ஸ் கெர்னல்கள் டிரேஸ் எடுத்த விதம் மிக எளிமையானது. கெர்னலின் கட்டளைகள் மெமரியில் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்பது தெரியும். ஸ்டாக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, அந்த எல்லைக்குள் விழும் எண் எதுவானாலும் அச்சடித்துவிட வேண்டியது. இதில் உண்மையான சீட்டு எதுவும் தப்பாது. ஆனால் மேலே சொன்ன பழைய சீட்டுகளும் வரும். "பிறகு இந்தப் பங்ஷனைக் கூப்பிடு" என்று யாரோ குறித்து வைத்த முகவரியும் வரும். அதாவது கூப்பிட்டது, கூப்பிட்டு முடிந்தது, கூப்பிடப்போவது மூன்றும் ஒரே பட்டியலில் கலந்து நிற்கும்.

கேள்விக்குறி பிறப்பது இங்கேதான். இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி கெர்னல்களில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மேலே சொன்னபடி எல்லாக் கட்டங்களையும் துழாவுகிறது. மற்றொன்று, முறையாகச் சங்கிலி பிடித்து இறங்குகிறது. இரண்டும் ஒப்புக்கொண்ட வரி சும்மா அச்சாகும். துழாவலில் மட்டும் கிடைத்த வரி கேள்விக்குறியோடு அச்சாகும். "இப்படி ஒரு எண் கிடந்தது, ஆனால் இதற்கு நான் பொறுப்பில்லை" என்கிறது கெர்னல்.

சந்தேகமான வரியை ஏன் அச்சடிக்க வேண்டும், விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஸ்டாக்கே கெட்டுப்போயிருந்தால் முறையான சங்கிலி பாதியில் அறுந்துவிடும். அப்போது இந்தக் குத்துமதிப்பு வரிகளைத் தவிர கையில் வேறு எதுவும் இருக்காது. சற்று முன் என்ன நடந்தது என்பதற்கும் பழைய சீட்டுகள் துப்புக் கொடுக்கும். குறியோடு அச்சடிப்பதே சரி என்பது என் கருத்து.

சங்கிலி பிடிப்பது எப்படி?

முறையான வழிகளில் மூத்தது பிரேம் பாயிண்ட்டர். ஒவ்வொரு பங்ஷனும் தொடங்கியவுடன், தன்னைக் கூப்பிட்டவரின் இடம் ஸ்டாக்கில் எங்கே தொடங்குகிறது என்பதைச் சேமித்துவிட்டு, தன் இடத்தின் தொடக்கத்தை ஒரு தனி ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரைச் சுட்டுவதால் ஒரு சங்கிலி கிடைக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்துக் கட்டத்தில் ரிட்டர்ன் அட்ரஸ் இருக்கும். துழாவ வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு பங்ஷனிலும் கூடுதல் கட்டளைகள் வேண்டும், ஒரு ரெஜிஸ்டரும் இதற்கென்றே போய்விடும். கெர்னலின் கட்டளைப் பகுதி இதனால் சுமார் 3.2 சதவீதம் பெருக்கிறது. சில வகை வேலைகளில் வேகம் 5 முதல் 10 சதவீதம் குறைவதை மெல் கார்மன் என்ற கெர்னல் நிபுணர் அளந்து காட்டினார். எப்போதோ ஒரு முறை விழும்போது தேவைப்படும் வசதிக்காக, விழாத நாளெல்லாம் கட்டணம் கட்டுவது போன்றது இது.

விலை கொடுத்தும் முழு நம்பிக்கை கிடைப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை வெகுவாகக் குழப்பிய விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ராமு சோமுவைக் கூப்பிட்டான், சோமு கோபுவைக் கூப்பிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் பங்ஷன்கள். கோபு இப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறான். தன் சங்கிலிக் கண்ணியை இன்னும் மாட்டவில்லை. அதற்கு ஒன்றிரண்டு கட்டளைகள் ஆக வேண்டும். சரியாக அந்த நொடியில் ஓர் இண்டரப்ட் வருகிறது. கீபோர்டில் யாரோ ஒரு கீயை அழுத்தினாலும் போதும், பிராசசர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போகும். அந்த நேரத்தில் டிரேஸ் எடுத்தால் என்ன வரும்? நிறுத்தப்பட்ட இடம் கோபு என்பது தெரியும். ஆனால் ரெஜிஸ்டரில் இருப்பது இன்னும் சோமுவின் கண்ணி. அதற்குப் பக்கத்தில் இருப்பது சோமு திரும்பிப் போக வேண்டிய முகவரி, அதாவது ராமுவுக்குள் உள்ள ஓர் இடம். ஆகவே டிரேஸில் கோபு, அடுத்து ராமு என்று வரும். சோமு காணாமல் போய்விடுவான்.

சங்கிலி அறுந்திருந்தால் சந்தேகமாவது வரும். இங்கே சங்கிலி அறுபடவில்லை. அழகாக, முழுதாக, தவறாக இருக்கிறது.

அகராதி வேண்டாம், அட்டவணை போதும்

ரெஜிஸ்டரைச் செலவழிக்காமல் வேறு வழி இல்லையா? இருக்கிறது. எந்தக் கட்டளையில் நின்றால் ரிட்டர்ன் அட்ரஸ் எத்தனை கட்டம் தள்ளி இருக்கும் என்பது கம்பைலருக்குத் தெரியும். அதை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் விழும்போது மட்டும் புரட்டிப் பார்க்கலாம். டுவார்ஃப் என்ற வடிவம் இதற்கென்றே இருக்கிறது. 2006ல் லினக்ஸ் கெர்னலில் இதைப் படிக்கும் பகுதியைச் சேர்த்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் லினஸ் டார்வால்ட்ஸ் அதைத் தூக்கி எறிந்தார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. டுவார்ஃப் பட்டியல் மிகச் சிக்கலானது. அதைப் படிப்பதற்கே ஒரு சின்ன இயந்திரம் மாதிரி புரோகிராம் எழுத வேண்டும். கெர்னலில் கையால் எழுதிய அசெம்பிளிப் பகுதிகளுக்கு அந்தப் பட்டியலையும் மனிதர்களே எழுத வேண்டும். அதில் தவறு வரும். கெர்னல் ஏற்கனவே விழுந்து கிடக்கும் நேரத்தில், ஏன் விழுந்தது என்று பார்க்க வந்த புரோகிராமே தடுக்கி விழுந்தால், முதலில் விழுந்ததற்கான தடயமும் அழிந்துபோகும்.

பத்தாண்டு கழித்து ரெட்ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாஷ் பாயிம்போஃப் வேறு வழியில் வந்தார். 2016ல் வெளியான லினக்ஸ் 4.6ல் அவருடைய ஆப்ஜ்டூல் சேர்ந்தது. கம்பைலர் சொல்வதையும் மனிதர்கள் எழுதியதையும் நம்பாமல், கம்பைல் ஆகி வந்த பைலையே திறந்து, ஒவ்வொரு கட்டளையாக, ஒவ்வொரு கிளையிலும் நடந்து பார்த்து, ஸ்டாக் எந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று அது தானே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கிலிருந்து ஓர் எளிய அட்டவணையை உருவாக்கும் வசதி 2017 நவம்பரில் வந்த 4.14ல் சேர்ந்தது. அதற்கு ஆர்க் என்று பெயர். விரிவு "ஊப்ஸ் ரீவைண்ட் கேபபிலிட்டி". புரோகிராம் பைலின் வடிவத்துக்கு ஏற்கனவே எல்ஃப் என்று பெயர். எல்ஃப், டுவார்ஃப், ஆர்க் மூன்றும் மேல்நாட்டு மாயக் கதைகளில் வரும் இனங்கள். கெர்னல்காரர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு!

ஆர்க் அட்டவணையின் ஒரு பதிவு வெறும் 6 பைட். அது எந்த முகவரிக்கு உரியது என்பதைக் குறிக்க இன்னொரு 4 பைட். படிக்கும் புரோகிராமும் சின்னது, வேகமானது. கெர்னலுக்கு வெளியே பராமரிக்கப்பட்டு வந்த ஒரு டுவார்ஃப் பகுதியோடு ஒப்பிட்டபோது சுமார் 20 மடங்கு வேகம் கிடைத்தது. மெமரியில் 2 முதல் 4 எம்பி வரை கூடுதலாகப் பிடிக்கும். 8 ஜிபி ராம் வைத்திருக்கும் உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சோமு காணாமல் போகும் சிக்கலும் தீர்ந்தது. கோபுவின் முதல் கட்டளையில் நின்றாலும், அந்தக் கட்டளைக்கென்றே அட்டவணையில் ஒரு பதிவு இருக்கிறது.

தவறினால் என்ன ஆகும்?

டிரேஸில் ஒரு வரி தவறினால் என்னைப் போன்ற ஒருவன் கொஞ்ச நேரம் அதிகமாகத் தலையைப் பிய்த்துக்கொள்வான், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. லைவ் பேட்ச் வந்ததும் நிலைமை மாறியது.

கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவருகிறது. சரிசெய்த பதிப்பைப் போட வேண்டுமானால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நிறுத்தவே முடியாத சர்வர்களை என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பங்ஷனுக்குப் பதில் புதிய பங்ஷனை மாட்டிவிடுவதுதான் லைவ் பேட்ச். ரெட்ஹாட் கேபேட்ச் என்றும், சூசே கேகிராஃப்ட் என்றும் தனித்தனியாகச் செய்துவந்தன. 2015ல் லினக்ஸ் 4.0ல் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் வந்தது. இது பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். உபுண்டு புரோவைத் தனிநபர் 5 கம்ப்யூட்டர்கள் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் லைவ்பேட்ச் வசதியும் அடக்கம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சோமு கோபுவுக்கு இரண்டு தகவல் கொடுப்பது பழைய முறை, மூன்று கொடுப்பது புதிய முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாஸ்க் பழைய சோமுவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கோபுவை மாற்றிவிட்டால், விழித்தெழும் பழைய சோமு இரண்டு தகவலோடு புதிய கோபுவைக் கூப்பிடுவான். மூன்றாவது தகவல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குப்பை இருக்கும். மெமரி கெடும். ஓட்டையை அடைக்க வந்த பேட்ச்சே சர்வரைக் கவிழ்க்கும்.

ஆகவே 2017 ஜூலையில் வந்த 4.12 முதல், தூங்கும் டாஸ்க்கை மாற்றும் முன் கெர்னல் அதன் ஸ்டாக்கைப் பார்க்கிறது. மாற்றப்போகும் பங்ஷன் அதில் இருந்தால் அந்த டாஸ்க்கைத் தொடாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கும். இங்கே டிரேஸைப் படிப்பது மனிதன் அல்ல. "இது சந்தேகமாக இருக்கிறதே" என்று யோசிக்க அங்கே ஆள் கிடையாது. கேள்விக்குறி போட்டுத் தப்பிக்க முடியாது.

இதனால் நம்பகமான டிரேஸ் என்பதற்குக் கெர்னல் ஒரு கறாரான பொருள் வைத்திருக்கிறது. எப்போதும் விடை சொல்ல வேண்டும் என்பதில்லை. சொன்னால் முழு விடையாகவும் சரியான விடையாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் "தெரியாது" என்று பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஸ்டாக்கின் அடிவரை போய்ச் சேர முடியவில்லை என்றால் தெரியாது. நடுவில் அடையாளம் தெரியாத முகவரி வந்தால் தெரியாது. தெரியாது என்றால் டாஸ்க்கைத் தொடாமல் காத்திருக்கலாம். அதில் நஷ்டம் கொஞ்ச நேரம்தான். சோமுவைத் தவறவிட்டுவிட்டு "எல்லாம் சரி" என்று சொன்னால்தான் கேடு.

இன்னும் சில பொறிகள் உண்டு. பங்ஷன்களுக்கு ஆகும் நேரத்தை அளக்கும் கருவிகள் ஸ்டாக்கில் இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸை எடுத்துவிட்டுத் தம் முகவரியை வைத்துவிடும். டிரேஸ் எடுப்பவர் அசல் முகவரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று வேடிக்கையானது. திரும்பவே போகாத பங்ஷனை ஒருவர் தன் கடைசி வேலையாகக் கூப்பிட்டால், அவர் விட்டுப்போகும் முகவரி அவருடைய எல்லையைத் தாண்டி அடுத்த பங்ஷனின் வாசலில் நிற்கும். சம்பந்தமே இல்லாத அந்த அடுத்த வீட்டுக்காரர் பெயர் டிரேஸில் வந்துவிடும். ஆகவே பெயர் தேடும்போது முகவரியில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுகிறது கெர்னல். ஒரே ஒரு கழித்தலில் ஒரு பொய் சாட்சி ஒழிந்தது.

உங்கள் திரையில் வந்தால்

முதலில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2024ல் வந்த 6.10 பதிப்பிலிருந்து பேனிக் ஆகும்போது கெர்னலே ஒரு தகவல் திரையைக் காட்டும் வசதியும், 6.12லிருந்து அதில் கியூஆர் கோடு காட்டும் வசதியும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் லினக்ஸில் அவை இயக்கப்பட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். கம்ப்யூட்டர் முழுவதும் நிற்காமல் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தால், டெர்மினலில் சூடோ சேர்த்து டி.எம்.இ.எஸ்.ஜி. என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைக் கொடுத்தால் அதே வரிகள் கிடைக்கும். அவற்றை முழுதாகக் காப்பி செய்து வையுங்கள். பயனில்லாதவை என்று நினைத்துக் கேள்விக்குறி வரிகளை வெட்டிவிட வேண்டாம்.

"ஆர்ஐபி" என்று தொடங்கும் வரியைக் கண்டு கம்ப்யூட்டருக்கு இரங்கல் தெரிவிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிராசசர் எந்தக் கட்டளையில் நின்றது என்று காட்டும் ரெஜிஸ்டரின் பெயர் அது. அதில் உள்ள பங்ஷன் பெயரையும், கால் டிரேஸில் குறி இல்லாத முதல் நான்கைந்து வரிகளையும் பாருங்கள். பெயரில் உங்கள் வைபை கார்டு அல்லது கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் பெயர் தெரிந்தால், அந்த டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். "டெயிண்டட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால், மூல நிரல் வெளியிடப்படாத டிரைவர் ஒன்று ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். கெர்னல்காரர்கள் அதையும் கேட்பார்கள்.

ஒவ்வொரு முறை விழும்போதும் டிரேஸ் ஒன்றுபோல இருந்தால் சாப்ட்வேர் பிழை என்று சந்தேகிக்கலாம். இன்று டிஸ்க், நாளை சவுண்டு, மறுநாள் மவுஸ் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், எந்த வரியையும் நம்பி டிரைவரை மாற்றாதீர்கள். அப்போது ராம் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமை ஒரு பென் டிரைவில் போட்டு, இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.